அம்மாவின் பீரோவில் ஒரு துப்பாக்கி

துப்பாக்கியை எங்கே வைத்திருக்கிறோம் என்று பார்ப்பதற்காக ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டையா வீட்டுக்கு வந்தார். அத்தா அவரைப் படுக்கையறைக்குள் கூட்டிப்போய்க் கதவை லேசாகச் சாத்தினார். கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் அவருடைய துண்டு தொங்கியது. துண்டை விலக்கினார். அதற்குள்ளே துப்பாக்கி.

"இம்புட்டுத்தானா பாதுகாப்பு?" என்றார் ஏட்டையா.

"துண்டு என்னுது. எவன் எடுப்பான்?" என்றார் அத்தா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏட்டையாவுக்கு வரவில்லை. கையிலிருந்த தாளில் என்னவோ எழுதிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். கம்பத்தில் வீடு, மேற்கே மலையடிவாரத்தில் தோட்டம். பாதி திராட்சைப் பந்தல், பாதி வாழை. காட்டுப்பன்றிக்கு வாழைக்கிழங்கு என்றால் உயிர். அதை விரட்டத்தான் பயிர்ப் பாதுகாப்புக்கென்று அந்த ஒற்றைக் குழல் துப்பாக்கிக்கு அத்தா லைசென்ஸ் வாங்கியிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு பன்றியையும் சுட்டதில்லை, வானத்தைத்தான் சுட்டிருக்கிறார். விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து ஒரு டீ குடிப்பார். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரையோடு தோட்டத்துக்கு நடப்பார். மேற்கு வேலி ஓரமாக நின்று ஒரே ஒரு வெடி. பிறகு ஒவ்வொரு வரிசையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வெயில் ஏறும்போது வீடு திரும்புவார். அந்த ஒரு வெடிக்குப் பன்றி பயந்ததோ இல்லையோ, அத்தாவுக்கு அது காலை நாஷ்டா மாதிரி.

நான் தேனியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். வீட்டில் மனு எழுதுவதென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், எனக்கும் கட்டங்களை நிரப்புவதில் கொஞ்சம் திமிர் உண்டு. லைசென்ஸைப் புதுப்பிக்க ஆன்லைனில் நான்தான் போட்டேன். அதற்காகத்தான் இந்த விசாரணை.

ஏட்டையா பொறுமைசாலி. ஹாலில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, விதியை விளக்கினார். துப்பாக்கி பூட்டிய இரும்புப் பெட்டியிலோ பீரோவிலோ இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும்போது தோட்டா போட்டு வைக்கக் கூடாது. தோட்டாவைத் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, லைசென்ஸ் வைத்திருப்பவர் தவிர வீட்டில் வேறு யாராலும் அதை எடுக்க முடியாதபடி இருக்க வேண்டும்.

"தோட்டா எங்கன வச்சிருக்கீக?" என்று கேட்டார்.

அத்தா கூரையைப் பார்த்தார். அம்மா அத்தாவைப் பார்த்தாள்.

"சொல்லுங்க, எங்கன வச்சிருக்கீகன்னு ஏட்டையாகிட்டச் சொல்லுங்க," என்றாள்.

அத்தா மறுபடியும் கூரையைப் பார்த்தார். அம்மாவே சொன்னாள். "அரிசி டிரம்முக்குள்ள சார். ஈரம் இழுக்காம இருக்குமாம். போன ரமலான்ல அரிசி களையிறப்ப கையில தட்டுப்படுது. என்னடா இது கொட்டை மாதிரின்னு பாத்தா தோட்டா. நான் கையால களையிறவ, தப்பிச்சுச்சு. அப்படியே குக்கர்ல போட்டிருந்தா என்னாகும்?"

கட்டிய புருஷனைப் போலீஸிடம் காட்டிக்கொடுக்க எத்தனை வருஷம் காத்திருந்தாளோ தெரியவில்லை. மூச்சு விடாமல் சொன்னாள்.

ஏட்டையா நெற்றியைத் தடவிக்கொண்டார். சுற்றிலும் பார்த்தவர், "அந்தா இரும்புப் பீரோ இருக்குல்ல. அதுல ஒரு தட்டு ஒதுக்கிப் பூட்டி வச்சிருங்க. உள்ள லாக்கர் இருந்தா தோட்டாவ அதுல போடுங்க. முடிஞ்சது," என்றார்.

பாவம், அது எந்தப் பீரோ என்று அவருக்குத் தெரியாது.

அது அம்மாவின் சீர் பீரோ. கல்யாணத்தன்று உத்தமபாளையத்தில் அவள் பிறந்த வீட்டிலிருந்து வண்டியில் ஏற்றி அனுப்பியது. வீடு அத்தாவுடையது, தோட்டம் அத்தாவுடையது, பத்திரம் எல்லாம் அத்தா பேரில். பீரோ மட்டும் அம்மாவுடையது. அதன் சாவி அவள் இடுப்பில் இருக்கும். குளிக்கப் போனாலும் கூடப் போகும். அத்தாவுக்குத் தன் ஆதார் அட்டை வேண்டுமென்றால்கூட அம்மாவைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும். அவளும் கதவைப் பாதி திறந்து, முதுகால் மறைத்துக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள். உள்ளே அப்படி ஒன்றும் ரகசியமில்லை. பட்டுச் சேலைகள், கொஞ்சம் நகை, அந்துருண்டை, என்னுடைய பழைய மார்க் ஷீட்டுகள். இருந்தாலும் அது அவள் இடம்.

"ரெண்டாவது தட்டைக் காலி பண்ணு புள்ள. சாவிய எங்கிட்டக் குடு," என்றார் அத்தா.

"தட்டு தாரேன். சாவி தரமாட்டேன்."

"சாவி அவுக கையிலதாம்மா இருக்கணும். சட்டம் அப்படி," என்றார் ஏட்டையா.

"அப்பத் தட்டும் கிடையாது சார்."

தனியாக ஒரு பெட்டி செய்துகொள்ளுங்கள் என்றதற்கு, வீட்டில் பீரோவை வைத்துக்கொண்டு இன்னொன்று எதற்கு என்று அத்தா முறுக்கிக்கொண்டார். ஏட்டையா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சரியான ஏற்பாடு செய்யும் வரைக்கும் துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கட்டும் என்று சொல்லி, ரசீது எழுதிக் கொடுத்து, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்போது நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைப்பது வழக்கம்தான். ஆனால் அந்த நாட்களில் அத்தா எப்படி இருப்பார் என்பதை நான் மறந்துபோயிருந்தேன், அம்மா மறக்கவில்லை. துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கும் வரைக்கும் அவர் தோட்டத்துக்குப் போகமாட்டார். "வெறுங்கையோட போய் பன்னிகிட்ட மன்னிப்புக் கேக்கவா?" என்பார். தேர்தல் முடிவு வரும் நாளை வேட்பாளர்களைவிட ஆவலாக எதிர்பார்த்தவர் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான்.

ஒரு வாரத்துக்குள் அம்மா இறங்கி வந்துவிட்டாள். சாவியைத் தருகிறேன், துப்பாக்கியை வாங்கி வாருங்கள் என்று அவளே சொன்னாள். அதை அவள் எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்குள் வேறொரு சிக்கல் வந்துவிட்டது. புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழும் வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் சின்னப் பையன்தான், மரியாதையாகப் பேசினார். கண்ணைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு, "ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க அய்யா," என்றார்.

அத்தா நீட்டினார். வலது கை நடுங்கியது. லேசாக இல்லை, நன்றாகவே நடுங்கியது.

நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எத்தனை மாதமாக இருந்ததோ. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பதையும், சாப்பிடும்போது எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்வதையும் வயசான காலத்துப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாராவாரம் வீட்டுக்கு வருகிற மகள். மனுவில் ஒரு எழுத்து தப்பாக இருந்தால் கண்டுபிடிக்கிறவள். என்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அதை டாக்டர்மேல் காட்டினேன். வானத்தைச் சுடுவதற்கு இவ்வளவு பரிசோதனையா என்று கத்தினேன்.

"வானத்தைப் பாத்துத்தான் தூக்குவார்ம்மா. கை ஆடுனா எங்க போகும்னு சொல்ல முடியாது. நான் கையெழுத்துப் போட முடியாது," என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வெளியே வந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

வீடு வரும் வரைக்கும் அத்தா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். வந்ததும் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மறுநாளும் அப்படித்தான். தொழுகைக்குப் பள்ளிவாசல் போவார், வருவார், படுப்பார். தோட்டத்தில் வேலை பார்ப்பவர் வந்து, பன்றி நாற்பது வாழையைக் கிண்டிப் போட்டுவிட்டது என்றார். "அதுக்கென்ன இப்ப," என்றார் அத்தா. ஒரே ஒரு மரம் சாய்ந்தாலே தெருவைக் கூட்டுகிற மனுஷன். அம்மா அவர் தொடாத இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"அந்தச் சட்டத்த இன்னொருக்கா படி."

போனில் எடுத்துப் படித்துச் சொன்னேன்.

"சாவி யாருகிட்ட இருக்கணும்னு போட்டிருக்கு?"

"லைசென்ஸ் யார் பேர்ல இருக்கோ அவர்கிட்ட."

"அப்ப லைசென்ஸ என் பேருக்கு எழுது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு நான் கத்தினேன். உனக்கு வயது அறுபத்து மூன்று, முட்டி வலி, தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் வெடித்தால் காதைப் பொத்துகிறவள், இதெல்லாம் விளையாட்டா என்று கேட்டேன். அவள் ரசத்தை இறக்கி வைத்துவிட்டு, "கத்தி முடிச்சிட்டியா? அதுல பொம்பளை வாங்கக் கூடாதுன்னு போட்டிருக்கான்னு பாரு," என்றாள்.

அப்படி எங்கும் போடவில்லை. எழுபது வயது தாண்டியவர் விருப்பப்பட்டால் தன் துப்பாக்கியை வாரிசு பேருக்கு மாற்றித் தரக் கேட்கலாம் என்று இருந்தது. அத்தாவுக்கு எழுபது எப்போதோ தாண்டிவிட்டது, வாரிசு என்பதில் மனைவியும் உண்டு. நான் அவர்களுக்கு ஒரே பிள்ளை, அதுவும் தேனியில் இருக்கிறேன். மிச்சம் அம்மாதான்.

அத்தா சம்மதக் கடிதம் தர வேண்டும். கட்டிலுக்குக் கொண்டுபோனோம். எதற்கு என்று அம்மா இரண்டு வார்த்தையில் சொன்னாள். அவர் எழுந்து உட்கார்ந்து அவளை ஒரு தினுசாகப் பார்த்தார்.

"என்ன வேணும்னாலும் பண்ணிக்க. எனக்கு இனிமே அதுல சோலி இல்ல."

கையெழுத்து கட்டத்தைத் தாண்டிப் போனது. இன்னொரு தாள் கொடுத்தேன். அதுவும் போனது. மூன்றாவது தாளில் அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் கொஞ்சம் கோணல்தான். நான் அதையே ஆன்லைனில் ஏற்றிவிட்டேன். கட்டத்துக்குள் இருந்தால்தான் கையெழுத்து என்று அலுவலகத்தில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அம்மாவை நான் புதிதாகப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதே டாக்டரிடம் போனாள், கையை நீட்டினாள், கை அசையாமல் நின்றது. "போதும்மா, இறக்குங்க," என்று அவர் சொல்லியும் இறக்கவில்லை. மதுரையில் துப்பாக்கிப் பயிற்சிக்குப் போனாள். கூட இருந்த ஆண்கள் எல்லாம் எப்போது சுடவிடுவார்கள் என்றே பார்த்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் எப்படிப் பூட்டுவது, காலியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டுக் கேட்டுத் துளைத்திருக்கிறாள். ஒருமுறை பார்த்தால் போதாது, திறந்து இரண்டுமுறை பார்க்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னாராம். "கேஸ அணைச்சோமான்னு பாக்கிறாப்லதான்," என்றாளாம் அம்மா. முதல் வெடியில் தோள் கன்றிப்போனது. சுருக்குப் பையில் தைலத்தோடு போயிருந்தவள் அம்மா ஒருத்திதான்.

கலெக்டர் ஆபீஸில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதிகாரி எங்கள் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "இந்த வயசுல உங்களுக்குத் துப்பாக்கி எதுக்கும்மா?" என்று கேட்டார். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று சொல்ல வேண்டும் என்று நான் பஸ் முழுக்கப் பாடம் சொல்லிக் கூட்டிவந்திருந்தேன்.

அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "பன்னி வருது சார். அது ஒண்ணு. இன்னொண்ணு, எங்க வீட்டுல அவுகளுக்குக் கை நடுங்குது. துப்பாக்கி வீட்ட விட்டுப் போச்சுன்னா அவுக தோட்டத்துக்குப் போக மாட்டாக. தோட்டத்துக்குப் போகலன்னா எந்திரிக்க மாட்டாக. படுத்தவுக படுத்தமானிக்கே போயிருவாக சார்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். போச்சு, காரியத்தைக் கெடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அதிகாரி காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார். பிறகு, "லைசென்ஸ் உங்க பேர்ல இருந்தா அவர் கையில குடுக்கக் கூடாது, தெரியுமா? ஒரு நிமிஷம்கூட," என்றார்.

"என் பீரோ சாவியவே நான் அவுக கையில குடுத்ததில்ல சார்."

அவர் குனிந்து எழுத ஆரம்பித்தார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

லைசென்ஸ் வருவதற்கு முன்னால் ஏட்டையா மறுபடியும் வந்து பார்த்தார். அதற்குள் அம்மா ஆளைக் கூப்பிட்டுப் பீரோவைச் சுவரோடு சேர்த்து போல்ட் போட்டிருந்தாள். இரண்டாவது தட்டிலிருந்த பட்டுச் சேலைகள் பெட்டிக்குப் போயிருந்தன. உள் லாக்கரில் நகைக்குப் பதிலாகத் தோட்டா வைக்க இடம். என் கல்யாணத்திலிருந்து பீரோவின் மாற்றுச் சாவி என்னிடம்தான் இருந்தது. அதையும் திருப்பிக் கேட்டாள். "ஒரு ஆளுகிட்டத்தான் இருக்கணுமாம்ல," என்றாள். கொடுக்கும்போது எனக்குச் சுருக்கென்றது. ஏட்டையா கதவை இழுத்துப் பார்த்தார், பூட்டை ஆட்டிப் பார்த்தார். "இந்தச் சரகத்துலயே இதுதாம்மா ஒழுங்கான ஏற்பாடு," என்றார். அம்மா அவருக்குப் பாயசம் கொடுத்தாள்.

துப்பாக்கி வீட்டுக்கு வந்த அன்று அத்தா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா பூட்டினாள், சாவியை இடுப்பில் செருகினாள், அவர் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். இவ்வளவு பாடும் வீணாகப் போய்விட்டதே என்று எனக்கு அழுகையாக வந்தது.

மறுநாள் நான் லீவு போட்டிருந்தேன். சுபுஹு முடிந்து பள்ளிவாசலிலிருந்து வந்த அத்தா டீயைக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்தார். அம்மா பீரோவைத் திறந்தாள். துப்பாக்கியைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று பார்த்தாள், இன்னொரு தரம் பார்த்தாள். உறையில் போட்டுத் தோளில் மாட்டினாள். தோட்டா இரண்டை எடுத்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள். பீரோவைப் பூட்டினாள். அத்தாவின் பழைய கேன்வாஸ் ஷூவைக்கூடப் போட்டிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"கிளம்புங்க."

"நீ போயிட்டு வா. ஒன் துப்பாக்கி."

"எனக்கு வழி தெரியாது," என்றாள் அம்மா.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோனவள் அவள். எந்த வரிசையில் எந்த வாழை எப்போது குலை தள்ளியது என்று சொல்வாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் வாய்க்கால் கரையோடு போய்ச் சேர்ந்துவிடுவாள்.

அத்தா அசையவில்லை.

"பன்னி எந்தப் பக்கம் நுழையுதுன்னு எனக்கு என்ன தெரியும்? எங்கன நின்னு வெடிக்கணும்னு யாரு சொல்லுவா? ஒத்தப் பொம்பளையா அனுப்பி வச்சுட்டு இங்கன நல்லாப் படுத்துக் கிடங்க," என்றாள்.

அத்தா மெல்ல எழுந்து உட்கார்ந்தார். உறையைப் பார்த்தார். அவள் காலிலிருந்த தன் ஷூவைப் பார்த்தார்.

"தோட்டாவ இங்கனயே போட்டுறலையே? அங்கன போயித்தான் போடணும்."

"தெரியும்."

"காலியா இருக்கான்னு பாத்தியா?"

"ரெண்டு தரம் பாத்தேன்."

"எல்லாந் தெரியும். வழி மட்டும் தெரியாதாக்கும்," என்று சொல்லிக்கொண்டே அத்தா கட்டிலுக்கு அடியில் கால்விட்டுச் செருப்பைத் தேடினார்.

அத்தா முன்னால் போனார். துப்பாக்கியோடு அம்மா நாலு எட்டு பின்னால் போனாள். தெருவில் பால் வாங்க நின்றவர்கள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வாசலில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

அத்தா அன்றைக்குத் தோட்டத்துக்குப் போனார். இன்றைக்குக் காலையிலும் போயிருக்கிறார்.